‘சகல’, ‘பிற’, ‘எந்தவொரு’: இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் போகும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பவர் பத்திரம், வாடகை ஒப்பந்தம், உயில், இன்சூரன்ஸ் பாலிசி என எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மூலையில் ‘சகல’, ‘அனைத்து’, ‘மற்றும் பிற’, ‘எந்தவொரு’ என்று ஒரு பெரிய சொல் இருக்கும். கையெழுத்துப் போடும் அன்று அது யார் கண்ணிலும் படாது. தகராறு என்று வந்துவிட்டால் இரண்டு தரப்பும் அந்த ஒரு சொல்லைத்தான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நீதிமன்றங்கள் இந்த இழுபறியை எப்படித் தீர்த்திருக்கின்றன என்பதை வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

‘எல்லாம்’ என்றால் எல்லாம்தானே? இதில் விளக்க என்ன இருக்கிறது?

“படுக்கப் போறதுக்கு முன்னாடி எல்லா லைட்டையும் அணைச்சிடு” என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் தெருவிளக்கை அணைக்கக் கிளம்புவதில்லை. சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பை விடுவதா, அணைப்பதா என்பதுகூட அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேச்சில் வரும் ‘எல்லா’வைச் சுற்றி எப்போதும் ஒரு வேலி இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இதற்கு யாரும் வாதாடுவதில்லை. வாதாடி லாபமும் இல்லை. பணமோ நிலமோ ஜெயிலோ சம்பந்தப்பட்டால் வேலி எங்கே இருக்கிறது என்பதே வழக்காகிவிடும்.

ஒரு பட்டியல் எழுதி, கடைசியில் ‘மற்றும் பிற’ என்று போட்டால் அந்தப் ‘பிற’ எதையெல்லாம் பிடிக்கும்?

ஒரு வாடகை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஷரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “மின்விசிறி, டியூப் லைட், ஸ்விட்ச், தண்ணீர்க் குழாய் மற்றும் பிறவற்றுக்கு ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் தன் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும்.” மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகி, கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது. கூரையும் ‘பிற’தான், நீங்களே செலவு செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர்.

ஷரத்தை நிதானமாகப் படித்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. விசிறி, லைட், ஸ்விட்ச், குழாய் ஆகிய நான்கும் குடியிருப்பவர் கை தினமும் படுகிற பொருட்கள். புழங்கிப் புழங்கிக் கெடுபவை, எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ கூப்பிட்டால் சரியாகிவிடுபவை. ‘பிற’வும் அதே ஜாதியாகத்தான் இருக்க வேண்டும். கீசர் வரும், கதவுத் தாழ்ப்பாள் வரும், வாஷ் பேசின் வரும். கூரையும் தூணும் அஸ்திவாரமும் வரா.

இதற்குப் பின்னால் எளிய ஒரு கேள்வி இருக்கிறது. ‘பிற’ என்பது உண்மையிலேயே வீடு முழுவதையும் குறிக்கும் என்றால், அந்த நான்கு பொருட்களை மெனக்கெட்டு எழுதியது எதற்காக? ‘வீட்டுக்கு ஏற்படும் சேதம் எதுவானாலும்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே. எழுதிய சொல் எதுவும் வீணாகப் போகக் கூடாது என்பது ஆவணம் படிக்கும் முறையின் ஆதாரம். பட்டியலுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்றால் ‘பிற’ சுருங்கித்தான் ஆக வேண்டும்.

வக்கீல்கள் இதை ‘இஜஸ்டெம் ஜெனரிஸ்’ என்ற லத்தீன் பெயரால் சொல்வார்கள். ‘அதே இனத்தைச் சேர்ந்தது’ என்று பொருள்.

இந்த விதி எப்போது பொருந்தும்?

1972-ல் திரிபுரா எக்சைஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முதலில் குறிப்பிட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அவை ஒரே இனமாக அமைய வேண்டும். அந்த இனம் பட்டியலோடு தீர்ந்துபோயிருக்கக் கூடாது. பொதுச்சொல் பட்டியலுக்குப் பிறகு வர வேண்டும். கடைசியாக, சட்டம் வேறு எதையோ நினைத்தது என்பதற்கு அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. நடைமுறையில் சண்டை நடப்பது இரண்டாவதிலும் ஐந்தாவதிலும்தான்.

விமானம் ‘வாகனம்’ இல்லையா?

ஒரு வழக்கில் இல்லை என்றே ஆனது. அமெரிக்காவில் 1919-ல் வாகனத் திருட்டுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘தண்டவாளத்தில் ஓடுவதற்காகச் செய்யப்படாத, தானாக இயங்கும் வேறு எந்த வாகனமும்’ என்று முடித்தது. ஒருவர் திருட்டு விமானத்தை இல்லினாய் மாநிலத்திலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோகச் செய்தார். விமானம் தானாக இயங்குகிறது, தண்டவாளத்திலும் ஓடுவதில்லை. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மாட்டிக்கொண்டார்.

1931-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் அவரை விடுவித்தார். பட்டியல் முழுக்கத் தரையில் ஓடும் வண்டிகள். சாதாரண மனிதன் காதில் ‘வாகனம்’ என்று விழுந்தால் மனதில் வருவதும் அதுதான் என்றார். ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம், எது குற்றம் என்று அவருக்கு முன்கூட்டியே புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்.

மீன் ஒரு ‘பொருள்’ இல்லை என்று தீர்ப்பு வந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். இந்தத் தலைப்புக்கு இதைவிடச் சுவையான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

2007-ல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகை அதிகாரி சோதனை போட்டார். ‘ரெட் குரூப்பர்’ என்ற மீன் 20 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது. அளந்து பார்த்ததில் 72 மீன்கள் குட்டை. அவற்றைத் தனியாகப் பெட்டியில் போட்டு, கரைக்குக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டுப் போனார். கரையில் மறுபடி அளந்தால் 69 மீன்கள்தான் குட்டை, அளவுகளும் ஒத்துவரவில்லை. பழைய மீன்களைக் கடலில் வீசிவிட்டு வேறு மீன்களைப் போடச் சொன்னார் கேப்டன் என்று படகில் இருந்தவர் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

கேப்டன் யேட்ஸ் மீது அரசு போட்ட வழக்குகளில் ஒன்று, என்ரான் கம்பெனி மோசடிக்குப் பிறகு 2002-ல் வந்த சட்டத்தின் கீழ். விசாரணையைக் கெடுப்பதற்காக ‘எந்தவொரு பதிவேட்டையும், ஆவணத்தையும், தொட்டுணரக்கூடிய பொருளையும்’ அழித்தால் 20 ஆண்டுகள் வரை சிறை என்று அது சொல்கிறது. மீனைத் தொட முடியும், மீன் ஒரு பொருள், அதைக் கடலில் போட்டால் அழித்ததுதான் என்றது அரசு.

2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கேப்டன் பக்கம் நின்றது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதியதன் சாரம் இது: இந்தச் சொற்றொடர் ‘பதிவேடு’, ‘ஆவணம்’ என்ற இரண்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நிதி மோசடியைத் தடுக்க வந்த சட்டத்துக்குள் இருக்கிறது, ஆகவே தகவலைப் பதிந்து வைக்கிற பொருட்களை, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றைத்தான் குறிக்கும். மாறுபட்ட நீதிபதி கேகன் விடவில்லை. மீன் தொட்டுணரக்கூடிய பொருள் என்பதற்குக் குழந்தைகள் புத்தகம் ஒன்றையே மேற்கோள் காட்டினார். சட்டம் இயற்றியவர்கள் ‘எந்தவொரு’ என்று அகலமாக எழுதியிருக்கும்போது அதைச் சுருக்க நாம் யார் என்பது அவருடைய வாதம்.

எனக்கு கேகனின் வாதம் இலக்கணமாகச் சரி என்றும், கின்ஸ்பர்க்கின் முடிவு நியாயமாகச் சரி என்றும் படுகிறது. கேப்டனுக்கு உண்மையில் கிடைத்த தண்டனை 30 நாள் சிறை. ஆனால் அந்தச் சட்டம் 20 ஆண்டுகள்வரை கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த 20 ஆண்டுகள் எல்லா நீதிபதிகள் கண்ணிலும் பட்டிருக்கும்.

அப்படியானால் பட்டியல் இருந்தாலே பொதுச்சொல் சுருங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம் அரசியலமைப்பின் 12-வது பிரிவே இதற்குச் சாட்சி. ‘அரசு’ என்றால் என்ன என்று அது சொல்கிறது: இந்திய அரசாங்கம், நாடாளுமன்றம், மாநில அரசாங்கங்கள், சட்டமன்றங்கள், ‘எல்லா உள்ளாட்சி அல்லது பிற அதிகார அமைப்புகள்’. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று யார் மீது வழக்குப் போடலாம் என்பதே இந்தப் ‘பிற’வைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் ‘அரசு’ ஆகுமா என்ற கேள்வி நம் ஊர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1954-ம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான அந்தத் தீர்ப்பு, ‘பிற’வைப் பட்டியலோடு சேர்த்துப் படித்தது. முன்னால் இருப்பவை எல்லாம் ஆட்சி செய்யும் அமைப்புகள், பல்கலைக்கழகம் அந்த இனமில்லை, ஆகவே அது ‘அரசு’ ஆகாது என்றது.

1967-ல் ராஜஸ்தான் மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம், அரசாங்கம், உள்ளாட்சி ஆகியவற்றுக்குள் பொதுவான ஓர் இனமே இல்லையே, இல்லாத இனத்தோடு எதைச் சேர்ப்பது என்று கேட்டது. சட்டத்தின் மூலம் அதிகாரம் பெற்ற மின்வாரியமும் ‘பிற அதிகார அமைப்பு’தான் என்று முடிவானது. ஒரே ‘பிற’, ஒரே பட்டியல், நேர் எதிரான விடை.

கிரிக்கெட் வாரியம் இதில் வருமா என்பது 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. 3-க்கு 2 என்ற கணக்கில், வராது.

பட்டியலே இல்லாமல் ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால்?

‘பூங்காவுக்குள் வாகனங்கள் வரக் கூடாது.’ சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஹார்ட் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1958-ல் விட்டுப்போன வீட்டுப்பாடம் இது. கார் வரக் கூடாது, சரி. சைக்கிள்? ஸ்கேட்டிங் சக்கரம்? பொம்மைக் கார்? சொல்லுக்கு நடுவில் சந்தேகமில்லாத ஒரு பகுதியும், ஓரத்தில் மங்கலான ஒரு பகுதியும் உண்டு என்றார் அவர்.

அமெரிக்கப் பேராசிரியர் ஃபுல்லர் திருப்பிக் கேட்டார்: ஓடும் நிலையிலிருக்கும் ராணுவ லாரி ஒன்றைப் போர் நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடம் கட்டி நிறுத்தினால்? லாரி என்பது சந்தேகத்துக்கிடமில்லாத வாகனம், நட்ட நடுப் பகுதி. ஆனாலும் விதி அதைத் தொடுமா? விதி எதற்காக வந்தது என்று தெரியாமல் நடுப் பகுதியைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது ஃபுல்லரின் கட்சி. வாசலில் நிற்கும் காவலாளிக்கு இந்த விவாதம் எதுவும் தேவைப்படாது; குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளை அவர் ஒருநாளும் நிறுத்துவதில்லை.

ஒரே சொல்லுக்குக் காலத்துக்குக் காலம் பொருள் மாறுமா?

மாறும், அதுவும் வெகு சீக்கிரம். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் ‘தொழில்’ என்பதற்கு மிக அகலமான விளக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி அதில் வருமா? 1960-ல் உச்ச நீதிமன்றம் ‘வரும்’ என்றது. பக்கத்துச் சொற்களைப் பார்த்துச் சுருக்க வேண்டும் என்ற வாதத்தை அப்போதே தள்ளிவிட்டது. வேண்டுமென்றே அகலமாக எழுதிய சொல்லை நாம் குறுக்கக் கூடாது என்றது. 1970-ல் சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி வழக்கில் ‘வராது’ என்றது. 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து மறுபடி ‘வரும்’ என்றார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய முக்கியத் தீர்ப்பின்படி, முறையாக நடக்கும் வேலை, முதலாளி–தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைக்கான பொருளோ சேவையோ – இவை இருந்தால் அது தொழில். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குள் வந்துவிட்டன.

நாடாளுமன்றம் 1982-ல் அந்த விளக்கத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிகளையும் கல்வி நிறுவனங்களையும் வெளியே எடுத்தது. ஆனால் அந்தத் திருத்தம் கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. ஒரு சொல்லைச் சுருக்கச் சட்டம் போட்டுவிட்டு, அதை அமல்படுத்தாமலே விட்டுவைத்திருந்தார்கள்.

அண்மைய உதாரணம் 2024 நவம்பர் 5-ம் தேதி வந்த தீர்ப்பு. ‘சமுதாயத்தின் பொருள் வளங்கள்’ பொது நன்மைக்கு உதவும்படி பகிரப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 39(பி) பிரிவு. தனியார் சொத்து எல்லாமே ‘சமுதாயத்தின் வளம்’தானா? 1970-களின் இறுதியில் கிருஷ்ணய்யர் ‘ஆம்’ என்ற திசையில் எழுதினார். அன்று அந்த அமர்வில் அது சிறுபான்மைக் கருத்து. பிறகு வந்த நிலக்கரி வழக்கு ஒன்றில் ஐந்து நீதிபதிகள் அதையே பின்பற்றினார்கள். மும்பையின் பழைய கட்டடங்களைப் பற்றிய வழக்கு ஒன்று இந்தக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் பெரும்பான்மை சொன்னது: தனியார் சொத்தும் அதற்குள் வரலாம், ஆனால் எல்லாத் தனியார் சொத்தும் வராது. அந்த வளம் எப்படிப்பட்டது, எவ்வளவு அரிது, சிலர் கையில் குவிந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நீதிபதி துலியா மட்டும் முழுதாக மாறுபட்டார். நீதிபதி நாகரத்னா ஒரு பகுதியில் உடன்பட்டார்.

‘சூழல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது’ என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சூழல்? பக்கத்துச் சொல்லா, சட்டத்தின் நோக்கமா, அந்தக் காலத்துப் பொருளாதார நம்பிக்கையா? இதில் எதை எடுப்பது என்பதை நீதிபதிதான் தேர்ந்தெடுக்கிறார். அரை நூற்றாண்டில் அரசியலமைப்பின் அந்த வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, தேர்வு மாறியது.

‘இன்று இருக்கும், இனி வரும் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல் 1990-ல் ஆட்குறைப்பு செய்தபோது, ஊழியர்களிடம் இப்படித்தான் எழுதி வாங்கியது: இருக்கிற, இருக்கக்கூடிய, எந்த வகையிலான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன. மறு ஆண்டே வங்கி கவிழ்ந்தது. உள்ளே பெரும் மோசடி நடந்திருந்தது வெளியில் வந்தது. அங்கே வேலை பார்த்தவர் என்றாலே வேறெங்கும் வேலை கிடைக்காத நிலை. அந்தக் களங்கத்துக்கு நஷ்டஈடு கேட்டார்கள்.

2001-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை (அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான்), அந்தக் காகிதம் இந்தக் கோரிக்கையைத் தடுக்காது என்றது. அப்படி ஒரு கோரிக்கை உண்டு என்பது கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு தரப்பும் நினைத்துப் பார்த்திருக்கக்கூடிய விஷயமே இல்லை. அப்படிப்பட்ட கோரிக்கையைச் சட்டமும் அப்போது ஏற்றிருக்கவில்லை. நினைப்பிலேயே இல்லாத உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் சொற்கள் அதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். ஐவரில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு மட்டும், இவ்வளவு அகலமாக எழுதிய பிறகும் இப்படிப் படிப்பதா என்று மாறுபட்டார்.

இதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்த கோரிக்கைகளை அந்த வாசகம் முழுதாக முடித்துவிடும்.

பவர் பத்திரத்தில் ‘சகல காரியங்களையும் செய்ய’ என்று இருக்கிறது. ஏஜென்ட் நிலத்தை விற்கலாமா?

விற்பனை என்று தனியாகச் சொல்லியிருந்தால் விற்கலாம். சொல்லவில்லையென்றால் அந்தச் ‘சகல’வை நம்ப வேண்டாம். வாடகை வசூலிக்க, வரி கட்ட, பட்டா மாற்ற, வழக்கு நடத்த என்று வரிசையாகச் சொல்லி, ‘மேற்படி சொத்து சம்பந்தமாக நான் நேரில் இருந்து செய்யக்கூடிய சகல காரியங்களையும்’ என்று பத்திரம் முடிந்தால், அந்தச் ‘சகல’ மேலே சொன்ன வேலைகளுக்குத் துணை வேலைகளைத்தான் பிடிக்கும். பவர் பத்திரத்தை இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்று 1893-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கும் அதுதான் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம்) சொன்ன தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாங்குபவராக இருந்தால் ‘கிரயம் செய்ய’, ‘கிரயத் தொகை பெற’, ‘பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய’ ஆகிய மூன்றும் பவரில் தனித்தனியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள்.

சூழல் எப்போதும் சுருக்கத்தான் செய்யுமா? பெரிதாக்காதா?

பெரிதாக்கும். உயில்கள் இதற்கு நல்ல இடம். வக்கீல் வைக்காமல் தானே எழுதிய ஓர் உயிலில் ஒரு பெண்மணி ‘என்னிடம் இருக்கும் எல்லாப் பணமும்’ இன்னாருக்கு என்று எழுதினார். பழைய ஆங்கில விதிப்படி ‘பணம்’ என்றால் ரொக்கமும் வங்கி இருப்பும் மட்டும். அவருடைய ஆஸ்தியோ பெரும்பகுதி முதலீடுகளில் இருந்தது. 1943-ல் பிரபுக்கள் சபை அந்தப் பழைய விதியைத் தூக்கிப் போட்டது. எழுதியவர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் படிக்க வேண்டும். இங்கே ‘பணம்’ என்பதில் பங்குகளும் பத்திரங்களும் அடக்கம் என்றது. உயிலைத் தப்பாகப் படித்த நீதிபதிகளுக்காகச் செத்தவர்களின் ஆவிகள் அக்கரையில் காத்திருக்கின்றன, இனி அந்தக் கூட்டம் குறையும் என்று அட்கின் பிரபு அந்தத் தீர்ப்பில் கேலியாக எழுதினார்.

‘அவர்கிட்ட நல்ல பணம் இருக்கு’ என்று நாம் சொல்லும்போதும் பீரோவில் இருக்கும் நோட்டுக்கட்டை நினைப்பதில்லையே. நம் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் (1925) 82-வது பிரிவில், உயிலின் எந்த வாசகத்துக்கும் உயில் முழுவதையும் சேர்த்துப் படித்தே பொருள் காண வேண்டும் என்கிறது.

இன்சூரன்ஸில் ‘எல்லா அபாயங்களுக்கும்’ என்று இருந்தால்?

எதிர்பாராமல் நடப்பவைக்கு மட்டும். தானாகத் தேய்வதும் பழசாவதும் அபாயமில்லை, நிச்சயம் நடக்கப் போவது. இது 1921-லேயே முடிவான விஷயம். விலக்குகளின் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ‘நிதி நிக்ஷேப ஜல பாஷாண அக்ஷிணி ஆகாமி சித்த சாத்திய’ என்று இருக்கிறதே, அது என்ன?

‘சகல உரிமையும்’ என்று சொன்னால் போதாது என்று நினைத்தவர்களின் பட்டியல் அது. அஷ்டபோகம் என்பார்கள். விஜயநகரக் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் நிலம் கொடுக்கும்போது இந்த எட்டையும் எழுதுவார்கள். நிதி என்றால் புதையல். நிக்ஷேபம் என்றால் மண்ணில் வைத்திருக்கும் வைப்பு. ஜலம் தண்ணீர், பாஷாணம் கல். மற்ற நான்கும், குறையாமல் நிலைத்து வரும் பலன், இனி வரப் போவது, இப்போது விளைந்து கொண்டிருப்பது, முயன்றால் விளையக்கூடியது என்று நிலத்தின் பலனைக் கூறுபோடுகின்றன. நேற்று, இன்று, நாளை எதையும் விடவில்லை.

எழுதிய கை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருந்தாலும் சட்டம் குறுக்கே வரும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பத்திரத்தில் ‘நிதி நிக்ஷேபம்’ இருக்கிறது என்று தோண்டி எடுத்ததைச் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இதெல்லாம் லத்தீன் பெயர் வைத்த வெள்ளைக்காரன் விதி. தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டா?

நன்றாகவே உண்டு. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எதைக் கொள்வது என்பதற்குத் தொல்காப்பியம் மூன்று வழி சொல்கிறது: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று வினை காட்டிக் கொடுக்கிறது. ‘மாவும் மருதும்’ என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் காட்டுகிறது. போருக்குக் கவசம் பூண்டவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை, அது சார்பு. அங்கே பேசப்படுவது பல பொருள் சொல், நாம் பேசுவது அகலமான சொல். ஆனால் கருவி அதேதான். மீன் வழக்கில் கின்ஸ்பர்க் பார்த்தது இனத்தையும் சார்பையும்.

நன்னூல் எதிர்ப்பக்கமும் சொல்கிறது: ‘ஒருமொழி ஒழிதன் இனங்கொளற் குரித்தே’. சொன்ன ஒரு சொல், சொல்லாமல் விட்ட தன் இனத்தையும் சேர்த்துக்கொள்ளும். ‘நஞ்சுண்டான் சாவான்’ என்றால் நஞ்சுண்டாளும் சாவாள். 1897-ம் ஆண்டுப் பொது வாசகச் சட்டம், ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று எழுதிவைத்திருப்பது இதைத்தான். கூடவே, ‘பொருளுக்கோ சூழலுக்கோ முரணாக எதுவும் இல்லாதபோது’ என்ற நிபந்தனையையும் போட்டிருக்கிறது. ஆக, சூழலுக்குக் கடைசி வார்த்தை என்று சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது.

சரி, நான் எழுதும் ஒப்பந்தத்தில் ‘எல்லாம்’ என்றால் நிஜமாகவே எல்லாம் என்று எப்படி எழுதுவது?

மூன்று வழி உண்டு. ஒன்று, பட்டியலே போடாமல் நேராகச் சொல்வது. இரண்டு, பொதுச்சொல்லை முன்னால் வைத்துப் பட்டியலை ‘உள்பட’ என்று பின்னால் போடுவது: ‘வீட்டுக்கு ஏற்படும் எந்தச் சேதமும், கூரை, சுவர், விசிறி, குழாய் ஆகியவை உள்பட’. மூன்று, ‘மேற்கண்டவை உதாரணங்களே, பொதுச்சொல்லின் பொருளைக் குறுக்கா’ என்று ஒரு வரி சேர்ப்பது. அதிலும் இரண்டாவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பட்டியலில் கூரையைப் பார்த்ததுமே வாடகைதாரர் அங்கேயே சண்டைக்கு வந்துவிடுவார். சண்டை கையெழுத்துக்கு முன்னால் நடப்பது எல்லோருக்கும் மலிவு.

‘என்பது’ என்று எழுதினால் விளக்கம் அதோடு மூடிக்கொள்ளும், ‘உள்ளடக்கும்’ என்று எழுதினால் திறந்தே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டாவில் முதல் பெயருக்குப் பிறகு ‘வகையறா’ என்று மட்டும் இருக்கிறது. யார் யாரெல்லாம் அதில்?

அந்தச் சொல்லை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. பழைய ரெக்கார்டுகளிலும் நோட்டீஸ்களிலும் ஒரு பெயரை எழுதிவிட்டு மற்றவர்களை ‘வகையறா’ என்று முடிப்பது வழக்கம். அண்ணன் தம்பியாக இருக்கலாம், பங்காளிகளாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாமல் ஒரே சர்வே எண்ணில் தனித்தனியாக வாங்கியவர்களாகவும் இருக்கலாம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பாகப் பிரிவினைப் பத்திரம் இவற்றை வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி எடுக்க வேண்டும். எல்லாப் பெயரும் கிடைத்து, எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார் என்று தெரியும்வரை அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.